கோடை வெயிலும் வீட்டுக் குழந்தைகளும்

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தால் சேலம், நாமக்கல் சீமையிலுள்ள தாய்மார்களுக்கு இரண்டு கவலைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. ஒன்று வெயில், மற்றொன்று பள்ளிக்கூடத்து விடுமுறை. இவ்விரண்டில் எது கொடியது என்று கேட்டால், பெரும்பாலான தாய்மார்கள் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். வெயிலுக்காவது சாயங்காலம் என்று ஒன்று உண்டு. ஏழு வயதுப் பையனுக்கும் ஐந்து வயதுப் பெண்ணுக்கும் அப்படிப்பட்ட ஓய்வு வேளை எதுவும் கிடையாது.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்ற கேள்வி காலை ஒன்பது மணிக்கு ஆரம்பமாகிறது. பத்து மணிக்கு அது முறையீடாகிறது. பதினோரு மணிக்கு அழுகையாகவோ சண்டையாகவோ முற்றிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் தாயார் என்ன செய்வாள்? அடுப்பங்கரையிலிருந்தபடியே கைப்பேசியை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறாள். உடனே வீட்டில் பூரண அமைதி நிலவுகிறது. அப்பேர்ப்பட்ட அமைதிக்காக நம் பாட்டிமார் எத்தனையோ தெய்வங்களை வேண்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது அது விரல் நுனியில் கிடைத்துவிடுகிறது.

தாயாரைக் குற்றஞ் சொல்வது என் உத்தேசமன்று. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டும் குடும்பங்களில், தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். நாமக்கல்லிலிருந்து லாரியில் புறப்பட்ட தகப்பனார் வீடு திரும்பப் பல நாள் ஆகும். பிள்ளை கண்ணுக்கு முன்னால், கூரையின் கீழ் இருக்கிறது என்பதே இவர்களுக்குப் பெரிய ஆறுதல். வெளியே என்ன இருக்கிறது? தலைக்கு மேல் நூறு டிகிரியைத் தாண்டும் வெயில். தெருவில் ஓயாத வண்டிகள். ஊர்ப்புறத்தில் சுற்றுச்சுவரில்லாத கிணறுகள். ஆகையால் "உள்ளேயே இரு, கண்ணு" என்கிறார்கள். அதில் அன்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது.

ஆனால் உள்ளேயே இருப்பதிலும் நஷ்டம் உண்டு. சீன தேசத்தில் குவாங்சௌ என்னும் நகரிலுள்ள 12 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதன் முடிவு 2015-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினந்தோறும் 40 நிமிஷம் அதிகமாக வெட்டவெளியில் இருக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போலிருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39 அல்லது 40 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. வெளியில் அதிகம் இருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 30 பேருக்குத்தான் ஏற்பட்டது. இதற்கு அவர்கள் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. வானத்து வெளிச்சத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட யோசனையோ, மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும், திரையின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரலாகாது என்றும் சொல்லுகிறது.

ஆகவே, உள்ளே பூட்டி வைப்பதும் சரியல்ல. "போய் விளையாடு" என்று வெயிலிலும் கிணற்றடியிலும் அவிழ்த்து விட்டுவிடுவதும் சரியல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர், காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும், குழந்தையுடன் வாசலுக்கு வெளியே போவதுதான் அது. இதற்குப் பணச் செலவு கிடையாது; பொழுதும் பிரமாதமாகச் செலவாவதில்லை. எப்போது, எங்கே, என்ன செய்வது என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

பகலாட்டும் இரவாட்டும்

இந்த விஷயத்தில் சேலம் நகரத்துக்கு ஒரு விசேஷப் பெருமை உண்டு. 1944 முதல் 1956 வரையில் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் தேவநேயப் பாவாணர். சொல்லின் வேரைத் தேடி ஆயுள் முழுவதும் உழைத்த அப்பெரும் புலவர், கோலியும் பாண்டியும் தம் தகுதிக்குக் குறைந்த விஷயங்கள் என்று கருதவில்லை. சேலத்திலிருந்த நாளிலேயே, 1954-ல், "தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்" என்ற நூலை வெளியிட்டார். சிறுவரும் சிறுமியரும் ஆடும் ஆட்டங்களையெல்லாம் முறைப்படி எழுதிவைத்தார்.

அந்நூலில் அவர் ஆட்டங்களைப் பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்று பொழுதின்படியும் பிரித்திருக்கிறார். இது வெறும் இலக்கணப் பிரிவினையன்று. நம் சீமையின் வெயிலை அறிந்த குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட விவேகமே அந்தப் பிரிவினையில் அடங்கியிருக்கிறது. ஓடும் ஆட்டத்தை உச்சிப் பொழுதில் எந்தக் குழந்தையும் ஆடியதில்லை. நிழலில் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு நிலா வெளிச்சத்தை வீணாக்கியதும் இல்லை. கடிகாரம் இல்லாத காலத்தில் கோடை நாளுக்கு அவர்கள் ஒரு கால அட்டவணை வைத்திருந்தார்கள். அதையே நாமும் பின்பற்றலாம்.

ஒரு திருத்தம் மட்டும் தேவை. ஆண் பிள்ளைகளின் ஆட்டம், பெண் பிள்ளைகளின் ஆட்டம் என்ற பழைய பிரிவினையை இனிமேல் நாம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பம்பரத்தின் சாட்டைக் கயிற்றுக்கு அதைச் சுற்றும் கை யாருடையது என்று தெரியாது.

காலை: கண் திறக்கும் வேளை

காலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரையில் சேலத்து வெயில் மிகவும் நல்ல வெயில். இந்த நேரத்தைத் தூக்கத்துக்கும் பல் துலக்குவதற்குமே கொடுத்துவிடுவது பெரிய தவறு.

முதல் வேலை, ஒரு மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி வேப்பமரத்தடியிலோ மொட்டை மாடியிலோ வைப்பது. இதைக் குழந்தையே செய்ய வேண்டும். பாதித் தண்ணீர் வழியில் சிந்தினாலும் பாதகமில்லை. காக்கை, மைனா, தவிட்டுக்குருவி ஆகியவை இரண்டொரு நாளில் வரத் தொடங்கிவிடும். குயிலின் குரல் கேட்கும் காலம் இது. கூவும் ஆண் குயில் கறுப்பு. பெண் குயிலோ பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். அது காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் கதையைக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். "காக்காய்க்குத் தெரியாதா?" என்ற கேள்வி வரும். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். காக்கை குயிலைத் துரத்துவதை ஒரு நாள் குழந்தையே பார்த்து வந்து உங்களுக்குச் சொல்லும்.

கூரைத் தாழ்வாரத்தின் கீழ், மழை படாத புழுதியில், புனல்போல் சின்னஞ் சிறு குழிகள் இருக்கும். குழியானையின் வீடு அது. எறும்பு தவறி உள்ளே விழுந்தால் அடியிலிருக்கும் பூச்சி மணலை வாரி இறைத்து அதைச் சறுக்க வைக்கிறது. எடுத்துக் கையில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கிறது. பிற்பாடு இதே பூச்சி இறகு முளைத்துத் தட்டானைப்போல் பறக்கும் என்று சொன்னால் குழந்தை நம்பாது. பெரியவர்களிலும் பலர் நம்புவதில்லை. ஆனால் அது உண்மை. ஒரு குழந்தை இந்தக் குழியின் முன் அரை மணி நேரம் குந்தியிருந்தால், "வா, போகலாம்" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளிடையே பணி புரிந்தார். ஈடுபட்டிருக்கும் குழந்தையைக் குறுக்கிடாதே என்பதே அவர் உபாத்தியாயர்களுக்கு வற்புறுத்திச் சொன்ன பாடம்.

நம் ஊரில் கல்லுக்கும் பஞ்சமில்லை. சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று கிடப்பது மாக்னஸைட் என்னும் கனிமம். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு மலை என்று தவறாகப் பெயர் வைத்தார்கள். மேற்கே கஞ்சமலையிலுள்ளது காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, ஓடை மணலில் இழுத்து வரச் சொல்லுங்கள். கறுப்புப் பொடி மீசைபோல் அதில் சிலிர்த்து நிற்கும். அந்தப் பொடியைக் காகிதத்தின் மேல் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் அது கூத்தாடும். காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொம்மையும் இதற்கு இணையாகாது.

நாமக்கல்வாசிகள் கோட்டை மலைக்கே குழந்தைகளை அழைத்துப் போகலாம். ஊர் நடுவே ஒரே கல்லாய் எழுந்து நிற்கும் அக்குன்றின் உயரம் சுமார் 200 அடிதான். பாறையிலேயே வெட்டிய படிகளை ஆறு வயதுக் குழந்தை ஏறிவிடும். கீழே கூரையில்லாமல் நிற்கும் ஆஞ்சநேயரைப் பார்த்து, "இவருக்கு வெயில் சுடாதா?" என்று கேட்கும். ஆனால் ஒரு ஜாக்கிரதை: சூரியோதயத்துக்கு ஏறி, எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். சுட்ட பாறையில் பிஞ்சுப் பாதங்கள் கொப்புளித்துவிடும்.

நிழல் இல்லாத நண்பகல்

உச்சி வெயிலில் குழந்தையை வெளியே அனுப்பக் கூடாது என்பது பொது விதி. இதற்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள், பத்து நிமிஷம் மட்டும், விலக்குக் கொடுக்கலாம்.

வாசலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை முதல் மணிக்கொரு தடவை அதன் நிழல் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்து வரச் சொல்லுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வருவதைக் குழந்தை காணும். விடுமுறையை ஒட்டிய ஏப்ரல் 20, 21 தேதிகளில் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நாமக்கல் சற்றுத் தெற்கே இருப்பதால் அங்கே ஓரிரு நாள் முந்தி வரும். அன்றைய தினம் 12 மணி 16 நிமிஷத்துக்குக் குச்சியின் நிழல் குச்சிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. குழந்தை தன் நிழலைத் தேடித் தன் காலடியையே சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வேடிக்கையை நீங்கள் அவசியம் காண வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு நண்பகல் நிழல் தெற்கே சாயத் தொடங்கும். ஆகஸ்டு 22-ஐ ஒட்டி மறுபடியும் ஒரு முறை மறையும்.

அதே நண்பகலில் ஆழமான கிணற்றின் அடிவரையில் வெயில் விழும். சுமார் 2,200 வருஷங்களுக்கு முன்னால், எகிப்து தேசத்தில் சையீன் என்ற ஊரில் ஆண்டில் ஒரு நாள் இவ்விதம் நிகழ்வதை, அலெக்ஸாந்திரியா நூல் நிலையத்தின் தலைவரான எராடோஸ்தனீஸ் கேள்விப்பட்டார். அதே நாளில் தம் ஊரில் மட்டும் நிழல் ஏன் விழுகிறது என்று யோசித்தார். அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அளந்தார். இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிட்டார். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. நிழல் மறைந்த நாளை அது மறவாது. பத்து வயதில் பாடத்தில் பூமி உருண்டை என்று வரும்போது, வாசலில் நட்ட குச்சி அதன் நினைவில் எழுந்து நிற்கும்.

திண்ணை ராஜ்யம்

பதினோரு மணி முதல் மூன்றரை மணி வரை திண்ணையும் தாழ்வாரமும் புளியமர நிழலுமே குழந்தைகளின் ராஜ்யம். மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டிப் பிறந்து மாதக் கடைசியில் விடைபெறும் கத்தரி நாட்களில் இதைக் கண்டிப்பாக அநுசரிக்க வேண்டும். தாகம் என்று குழந்தை சொல்லும் வரையில் காத்திராமல், மணிக்கொரு தடவை பானைத் தண்ணீரோ நீர்மோரோ கொடுக்க வேண்டும். வெயிலில் திரிந்த குழந்தைக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் உடனே நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் உடம்பு முழுதும் துடைத்து விசிறிக்கொண்டே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு மங்கினாலோ தாமதம் கூடவே கூடாது.

இந்த வேளைக்கென்றே ஏற்பட்டது பல்லாங்குழி. ஒரு வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். பலகை இல்லையென்றால் மண் தரையில் தோண்டிக்கொள்ளலாம். மாசி பங்குனியில் புளி தட்டிய வீடுகளில் புளியங்கொட்டைக்கு என்ன குறை? குழிக்கு ஐந்து கொட்டை போட்டு ஆடத் தொடங்கினால், கூட்டலும் கழித்தலும் குழந்தையின் விரல் நுனிக்குத் தாமாகவே வந்துவிடுகின்றன. நாலு கொட்டை சேர்ந்த குழியைப் "பசு" என்று அள்ளிக்கொள்ளும்போது அதன் முகத்தில் தோன்றும் வெற்றிக் களிப்பை எந்தக் கணக்கு நோட்டும் கொடுத்ததில்லை.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஆடு புலி ஆட்டம். திண்ணையில் கரித்துண்டால் கட்டம் போட்டு, புலிக்கு மூன்று காய், ஆட்டுக்குப் பதினைந்து காய் வைத்துக்கொள்ள வேண்டியது. பலமுள்ளவை மூன்று, பலமில்லாதவை பதினைந்து. ஆடுகள் பிரிந்து நின்றால் புலி தின்றுவிடும். அணிவகுத்து நின்றால் புலி நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஒற்றுமையைப் பற்றி உபாத்தியாயர்கள் செய்யும் பிரசங்கம் எதற்கும் இவ்வளவு பலன் கிடையாது. வீட்டில் அப்பாரு இருந்தால், அவரைப் புலியாக உட்கார வைத்துப் பேரப்பிள்ளைகள் ஆடுகளாகச் சேர்ந்து ஆட வேண்டும். அவர் தோற்பதில் அவருக்கே அதிக சந்தோஷம்.

சாயங்காலத்துத் தேர்

நாலு மணிக்கு மேல் பனை நுங்கு வரும். இந்த ஜில்லாவில் பனைமரத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்று, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி முதன் முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். பெரியவர்கள் பனையைக் கள் மரமென்று கண்டார்கள். குழந்தைகளுக்கோ அன்றும் இன்றும் அது நுங்கு மரந்தான்.

நுங்கைத் தின்றபின் கூந்தலை எறிந்துவிடாதீர்கள். கண் தோண்டிய கூந்தல் இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரு நுனியிலும் செருகினால் அச்சும் சக்கரமும் ஆயிற்று. நுனி பிளந்த கவட்டைக் கோல் ஒன்றை அச்சில் பொருத்தித் தள்ளினால் நுங்கு வண்டி தயார். இதைக் குழந்தையே செய்யட்டும். அரிவாள் பிடிக்கும் வேலை மட்டும் உங்களுடையது. முதல் வண்டி கோணலாக ஓடும். ஏன் கோணலாக ஓடுகிறது என்று குழந்தை குனிந்து பார்க்கும் அந்தக் கணத்தில்தான் கல்வி ஆரம்பமாகிறது. லாரிக்குக் கூண்டு கட்டுவதில் தேசப் பிரசித்தி பெற்றது நாமக்கல். அங்குள்ள பட்டறைக்காரர்களில் எத்தனை பேர் நுங்கு வண்டியில் தொழில் ஆரம்பித்தார்களோ, யார் கண்டது?

வெயில் தாழ்ந்த பின் கிளித்தட்டு, பச்சைக் குதிரை, நொண்டி, கண்ணாமூச்சி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். தெருவை வண்டிகள் எடுத்துக்கொண்டுவிட்டன என்பது மெய். ஆனால் கோயில் முன்வெளியும், அறுவடை முடிந்த காடும், பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானமும் இருக்கின்றன. ஒரு தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒருவராக முறை போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். தறி வேலையோ ஆபீஸ் வேலையோ செய்யும் தாய்க்கு, நாலு நாளைக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் கிடைப்பது அசாத்தியமல்ல.

கிணறு

இனிமேல் சொல்லப்போவதை வேடிக்கையாகச் சொல்ல முடியாது.

விடுமுறைக்கு அப்புச்சி வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் முதலில் தேடுவது கிணற்றைத்தான். அது இயற்கை. ஆயினும் ஒவ்வொரு கோடையிலும் நம் சீமையிலுள்ள கிணறுகளும், ஏரிகளும், கல் எடுத்த குட்டைகளும், காவிரியின் மடுக்களும் பிள்ளைகளைப் பலி கொள்கின்றன. ஒருவன் வழுக்கி விழ, காப்பாற்றக் குதித்த அண்ணனும் மூழ்கினான் என்ற செய்தியைப் படிக்காத வருஷம் இல்லை. 2021-ஆம் வருஷத்தில் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இதன் பொருட்டு ஜூலை 25-ஆம் தேதியை ஐக்கிய நாடுகள் சபை ஒரு தினமாகவே அநுசரிக்கச் செய்திருக்கிறது.

இதற்குப் பரிகாரம், "கிணற்றுப் பக்கம் போகாதே" என்று சொல்வது மட்டுமன்று. போகாதே என்ற சொல் பத்து வயதுப் பையன் காதில் "ஒரு நாள் தெரியாமல் போ" என்று விழுகிறது. நீந்தக் கற்றுக்கொடுப்பதே பரிகாரம். நம் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். காய்ந்த சுரைப்புருடையைக் குழந்தையின் முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டி, கயிற்று நுனியைத் தம் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நீச்சலும் நீர் விஷயமான எச்சரிக்கையும் கற்பிக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனையும். சுரைப்புருடையின் காலம் போயிருக்கலாம். கயிற்றைப் பிடித்த கையின் காலம் போகவில்லை. பெண் குழந்தைகளுக்கும் அவசியம் கற்பிக்க வேண்டும். தண்ணீர் எடுக்கவும் துணி துவைக்கவும் நீரோரம் அதிகமாகப் போகிறவர்கள் அவர்கள்தானே?

சில விதிகளை மட்டும் மறக்கலாகாது. குழந்தை நீரில் இருக்கும் வரையில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாசல் தொட்டியும் வாளித் தண்ணீருமே ஆபத்து. காவிரி கோடையில் இளைத்துத்தான் தோன்றும். மணல் எடுத்த பள்ளம் எங்கே என்பது உள்ளூர்க்காரர்களுக்கும் தெரியாது. ஒருவன் தத்தளித்தால் பின்னால் குதிக்காதே. கூச்சல் போடு, கயிற்றையோ வேட்டியையோ வெறுங் குடத்தையோ வீசு என்று குழந்தைக்குப் பலமுறை சொல்லி, விளையாட்டாகவே பழக்க வேண்டும். கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் பழைய தவறுகள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, மார்பின் நடுவே விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் மற்றொருவர் 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும். தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப ஆகும் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள், அதன் மறுபக்கத்தையும் கணக்குப் பார்க்கட்டும்.

நிலாவும் நட்சத்திரமும்

இராச் சாப்பாட்டுக்குப் பின் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டால், அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் உலகில் இல்லை. சித்திரை மாதத்துப் பௌர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்தின் அருகில் நிற்கிறது. அந்த நட்சத்திரத்தின் பெயரே மாதத்தின் பெயராயிற்று. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களைக் குழந்தை எளிதில் கண்டுகொள்ளும். வால் பக்கத்தின் நடு மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாய்த் தெரிவது அருந்ததி. கலியாணத்தில் பகலில் காட்டப்படும் அருந்ததியைக் குழந்தை மெய்யாகவே பார்த்துவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்களைவிட அறிவாளியாகிவிடும்.

வடக்கே மலை மறைக்காத இடமாயிருந்தால் துருவ நட்சத்திரத்தையும் தேடலாம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அந்த முஷ்டி வானத்தில் சுமார் பத்து டிகிரியை மறைக்கும். நம் ஊரில் துருவன் அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமான உயரத்தில் நிற்கிறான். டில்லிக்குப் போனால் ஏறக்குறைய மூன்று முஷ்டி. கன்னியாகுமரிக்குப் போனால் ஒரு முஷ்டிக்கும் குறைவு. லாரியில் வடக்கே போயிருக்கும் அப்பா, "இங்கே துருவன் எத்தனை முஷ்டி, சாமி?" என்று பேசும் கருவியின் வழியே கேட்டால், வீட்டிலிருக்கும் குழந்தை வாசலுக்கு ஓடும். கைப்பேசிக்கு இப்படியும் ஒரு நல்ல உபயோகம் உண்டு.

மாங்கொட்டை

விடுமுறை முடிவதற்குள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கியிருக்கிறது. சேலத்து மாம்பழம் சந்தைக்கு வந்து குவியும் காலம் இது. மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, குண்டு என்று எதை வேண்டுமானாலும் தின்னுங்கள். கொட்டையில் ஒன்றை மட்டும் குழந்தையிடம் கொடுத்து, அன்றைக்கே அல்லது ஓரிரு நாளில் நடச் சொல்லுங்கள். மாங்கொட்டை காய்ந்துபோனால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அதனால் அடுத்த வருஷத்துக்கென்று எடுத்து வைக்க முடியாது. சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் தலை நீட்டும். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது குழந்தையின் பொறுப்பு.

மல்கோவாக் கொட்டையிலிருந்து மல்கோவாவே வரும் என்று உறுதி சொல்வதற்கில்லை. தோட்டக்காரர்கள் ஒட்டுக் கட்டுவதன் காரணம் அதுதான். தாயின் குணம் கொஞ்சம், காற்றும் தேனீயும் கொண்டுவந்த குணம் கொஞ்சம் என்று கலந்து, புதிதாக ஒன்று பிறக்கிறது. என்ன பழம் வரும் என்பது காய்த்த பிறகுதான் தெரியும். அதற்கு ஆறேழு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். பெற்றோர்களுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு செய்தியைச் சொல்ல என்னால் இயலாது.

கோடை வகுப்புகளில் சேர்த்தால்தான் பிள்ளை முன்னுக்கு வரும் என்று எண்ணும் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்லுவேன். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, கோடையில் எதையாவது தன் கண்ணால் பார்த்து வந்த குழந்தையை முதல் நாளிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். அதற்குக் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். கேள்வி இருக்கும் குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல் சுலபமான காரியம் வேறொன்றுமில்லை.

ஆகையால், தாய்மார்களே, தகப்பன்மார்களே! ஒரு குச்சி, ஒரு மண் சட்டி, இரண்டு நுங்குக் கூந்தல், ஒரு பிடி புளியங்கொட்டை, நீளமான கயிறு ஒன்று ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்க முடியாத சாமான் ஒன்று இந்த ஜாபிதாவில் விட்டுப் போயிருக்கிறது. அது உங்களுடைய அரை மணி நேரம். அதையும் சேர்த்துக்கொண்டு, நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் வாசற்கதவைத் திறவுங்கள்.